நேற்றிரவு உங்கள் வீட்டில் என்ன ஆணம்?



சென்ற இதழில் இப்பகுதியின் இறுதியில் உங்களிடம் ஒரு சிறு கேள்வியைக் கேட்டிருந்தேன். 'நேற்றிரவு உங்கள் வீட்டில் என்ன ஆணம்? அதை எவ்வாறு ஆக்கினீர்கள்?' என்பதே அக்கேள்வி. பெருநாள் விருந்தையோ திருமண வீட்டுச் சமையலையோ எழுத வேண்டா, நேற்றைய இரவு உணவை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள் என்றும் வேண்டியிருந்தேன். அஞ்சலில் வந்த மடல்கள் ஒருபுறம், கைப்பேசி வழியே வந்த குரற்செய்திகள் மறுபுறம். அனைத்தையும் படித்தும் கேட்டும் முடிக்க எனக்கு ஏழெட்டு இரவுகள் ஆயின. அந்த இரவுகளில் எங்கள் வீட்டு உணவு சற்றுத் தாமதமாகவே ஆயத்தமானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் 'ஆணம்' என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிறர் குழம்பு என்பதை நாம் ஆணம் என்கிறோம். கல்லூரி செல்லும் நம் பெண்மக்கள் சிலர், தோழியர் நடுவே இச்சொல்லைச் சொல்ல நாணுகின்றனர். நாணுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. குழம்பு என்னும் பொருளில் இச்சொல்லைத் தமிழ் அகராதிகள் பதிந்து வைத்துள்ளன. ஏடுகளில் அரிதாகிவிட்ட ஒரு நல்ல தமிழ்ச்சொல்லை நம் பாட்டிமார் அடுப்பங்கரையில் காத்து வைத்திருக்கிறார்கள். 'புளியாணம்' என்று இனி நிமிர்ந்து சொல்லுங்கள்.

இனி மடல்களுக்கு வருவோம்.

காயல்பட்டினத்துச் சகோதரி ஒருவர், முந்தைய இரவு இடியாப்பமும் தேங்காய்ப்பால் சேர்த்த கறி ஆணமும் ஆக்கியதாக எழுதியிருக்கிறார். அவருடைய குறை இது: 'பால் திரிந்து, ஆணம் தண்ணீர் வேறு, துகள் வேறாகப் போய்விட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் உண்ண மனம் வரவில்லை.' சகோதரி, இத்தவற்றைச் செய்யாதவர் நம்மில் எவருமிலர். தேங்காய்ப்பாலில் எண்ணெய்ச்சத்தும் நீரும் புரதத்தின் துணையால் ஒன்றி நிற்கின்றன. கடுந்தீயில் கொதிக்கும்போது அப்புரதம் இறுகிவிடுகிறது. பிணைப்பு அறுந்து எண்ணெய் பிரிகிறது. ஆகவேதான் நம் மூத்தோர் பாலை மூன்று முறையாகப் பிழிந்தனர். நீர்த்த மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் கறியை வேகவிட்டு, கெட்டியான முதற்பாலை இறுதியில், தணலில், கிளறியபடியே சேர்த்தனர். ஓரத்தில் சிறு கொதி தோன்றியதும் இறக்கிவிடுவார்கள். புளியோ எலுமிச்சையோ சேர்ப்பதானால் இறக்கிய பின்னரே சேருங்கள். புளிப்பும் பாலைத் திரியச் செய்யும்.

மேலப்பாளையத்திலிருந்து வந்த மடல் தாளிச்சாவைப் பற்றியது. 'ஒன்றரை மணி நேரம் வேகவைத்தும் கடலைப்பருப்பு கல்லாகவே இருந்தது' என்று வருந்துகிறார். மடலைக் கூர்ந்து படித்தேன். பருப்பையும் எலும்பையும் புளிக்கரைசலையும் மாங்காயையும் ஒன்றாகவே சட்டியில் இட்டிருக்கிறார். அதுதான் காரணம். புளிப்பு இருக்கும் நீரில் பருப்பின் தோலும் உட்சதையும் எளிதில் நெகிழ்வதில்லை. பருப்பை முதலில் தனித்தோ எலும்போடோ நன்கு குழைய வேகவிடுங்கள். அதன்பின் கத்தரிக்காய், அதன்பின் மாங்காய், எல்லாவற்றிற்கும் கடைசியில் புளி. இந்த வரிசை மாறினால் விறகும் வீண், எரிவாயுவும் வீண்.

நாகூர்ச் சகோதரி ஒருவர் மீன் புளியாணம் ஆக்கியிருக்கிறார். அவர் எழுதியுள்ள முறையில் நான் திருத்துவதற்கு ஒன்றுமில்லை, கற்றுக்கொள்வதற்கே உண்டு. புளிக்கரைசலும் மசாலாவும் நன்கு கொதித்துப் பச்சை வாடை நீங்கிய பின்னரே மீன் துண்டுகளை இடுகிறாராம். இட்டபின் அகப்பையை உள்ளே விடுவதே இல்லை. சட்டியின் இரு காதுகளையும் துணியால் பற்றி மெல்லச் சுழற்றுகிறார். மீன் உடைவதில்லை. இன்னொன்றும் எழுதுகிறார்: 'புளியிட்ட எதையும் மண்சட்டியில்தான் ஆக்குவேன். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்திருக்கிறதா என்று பாராமல் புளியை ஊற்றக்கூடாது என்பது எங்கள் உம்மாவின் கண்டிப்பு.' அந்த உம்மாவின் கண்டிப்பு சரியானதே. பூச்சுப் போன பித்தளையிலிருந்து புளிப்பு செம்பைக் கரைத்து உணவில் சேர்க்கும். முற்காலத்தில் ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்தனர். இன்று அவர்களைக் காண்பதே அரிது. பழைய பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்குவோர் இதனை நினைவிற் கொள்க.

நெய்ச்சோறு குழைந்துவிட்டதாக மூன்று சகோதரிகள் எழுதியுள்ளனர். சீரகச் சம்பாவை அரைமணி நேரம் ஊறவைத்தால் அரிசி ஓரளவு நீரைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அதன்பின் ஒன்றுக்கு இரண்டென்று நீர் வைத்தால் குழையாமல் என்ன செய்யும்? ஊறிய அரிசிக்கு, ஊறுமுன் அளந்த அளவில் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் போதும். நீர் வற்றியதும் கனமான மூடியிட்டு மெல்லிய தீயில் கால்மணி, தீயை நிறுத்திப் பத்து நிமிடம். இடையில் திறந்து பார்க்கும் ஆவலை மட்டும் அடக்குங்கள்.

புதிதாக மணமான ஒரு தங்கை, வெங்காயம் பொன்னிறமாகாமல் வெந்து போகிறதே என்று கேட்டிருக்கிறார். அம்மா, சிறிய சட்டியில் நிறைய வெங்காயத்தைப் போட்டு மூடியும் வைத்தால் அது தன் நீரிலேயே அவிந்துவிடும். நீர் முழுதும் ஆவியான பின்னரே நிறம் ஏறும். அகன்ற பாத்திரம், திறந்த வாய், தொடக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு வெங்காயத்தின் நீரை விரைந்து வெளிக்கொணரும். பொறுமையை மட்டும் கடையில் வாங்க இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இரவு மிஞ்சிய சோற்றையும் பிரியாணியையும் சட்டியோடு அடுப்பின்மேல் விட்டுவைத்து, காலையில் சூடாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக நான்கு மடல்களில் கண்டேன். அன்பு கூர்ந்து இதனை நிறுத்துங்கள். அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்து, சோறு வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுநாள் எவ்வளவு கொதிக்கச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. சமைத்த உணவை வெளியில் 2 மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது, குளிர்ப்பெட்டியின் உள்வெப்பம் 5 பாகைக்குக் கீழ் இருக்கட்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. மிஞ்சியதை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, உடனே உள்ளே வைத்துவிடுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாதோர் அளந்து ஆக்குவதே நலம்.

சகோதரிகளே! சமையலைப் பற்றி ஒரு மத்ரஸா ஆசிரியை எழுத வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். நான் கல்லூரியில் வரலாறு படித்தவள். பக்தாதில் கி.பி. 1226ஆம் ஆண்டிலேயே முஹம்மது பின் ஹசன் என்பவர் அரபு மொழியில் ஒரு சமையல் நூலை எழுதி வைத்திருக்கிறார். இன்பங்கள் பலவற்றுள்ளும் உணவின்பமே மேலானது என்பது அவர் கருத்து. சமைப்பவர் நகத்தை வெட்டித் தூய்மையாக இருக்க வேண்டுமென்பதையும் அவர் விட்டுவிடவில்லை. நம் தமிழகத்தில் 1951இல் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். இளவயதிலேயே கணவரை இழந்த அவரிடம், உறவினர் பலரும் மடல் எழுதிச் சமையல் ஐயங்களைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அதனைக் கண்ட அவருடைய மாமா, இவற்றை ஒரு நூலாகவே எழுதிவிடலாமே என்று ஊக்கினார். ஒரு வீட்டுப் பெண்மணி, கேட்டவர்களுக்கு எழுதிய மறுமொழியிலிருந்துதான் அந்நூல் பிறந்தது. ஆகவே 'நேற்று என்ன ஆக்கினாய்?' என்னும் கேள்வி வெறும் பேச்சன்று. அதில் ஒரு கல்வி இருக்கிறது.

ஆனால் அதே கேள்வி ஒருவரைக் காயப்படுத்தவும் கூடும் என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். விருந்தை எழுத வேண்டா என்று உங்களைக் கேட்டுக்கொண்டதற்கும் அதுவே காரணம். அந்தச் செய்தியை, உரியவரின் இசைவு பெற்றே இங்கு எழுதுகிறேன். ஊரும் தெருவும் வேண்டா.

எங்கள் மத்ரஸாவில் வியாழன்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடைபெறும். பாடம் முடிந்ததும் உடனே எவரும் எழுந்து செல்வதில்லை. திண்ணையில் அமர்ந்து, நேற்று யார் வீட்டில் என்ன ஆணம் என்று பேச்சுத் தொடங்கும். நானும் அதில் கலந்துகொள்வேன். கோழியை எப்படிப் பொரித்தாள், வட்டிலப்பம் பொங்கி வெடிக்காமலிருக்கத் தீயை எப்படித் தணித்தாள், முற்றிய ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் எவ்வளவு போட்டாள் என்று ஒவ்வொருவராகச் சொல்வர். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கும்.

அவ்வகுப்பிற்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு மாமி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் திடீரென வருவதை நிறுத்திவிட்டார். கணவரை இழந்தவர். மகன் வளைகுடா நாடொன்றில் வேலையில் இருந்தார். நோயாக இருக்குமோ என்று எண்ணினேன். மூன்றாம் வாரம், எங்கள் வீட்டில் கறி ஆணம் ஆக்கிய ஓர் இரவு, ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார். 'நலந்தானே மாமி?' என்றேன். 'நலந்தான் ஆலிமா' என்றார். உள்ளே அழைக்கவில்லை. எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. நல்லதொன்றைச் செய்துவிட்ட நிறைவும் கூடவே இருந்தது. அந்த நிறைவை எண்ணித்தான் இன்று நாணுகிறேன்.

மறுநாள் மாலை கிண்ணம் திரும்பி வந்தது. வெறும் கிண்ணமாக வரவில்லை. கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது நம் ஊர் வழக்கமல்லவா? கிண்ணத்தில் கைப்பிடியளவு துவையல் இருந்தது. எண்ணெய் மினுக்கு இல்லாத, கருஞ்சிவப்பான துவையல். விரலால் தொட்டு நாவில் வைத்தேன். புகை மணமும் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று விஞ்சாமல் நின்றன. நான் உண்ட துவையல்களில் அதற்கு இணையானது வேறில்லை.

மீண்டும் அவர் வீட்டுக்கு ஓடினேன். இம்முறை என் கையில் ஒன்றுமில்லை. 'மாமி, இந்தத் துவையலை எனக்குச் சொல்லித்தர வேண்டும்' என்றேன். சிறிது நேரம் என்னையே பார்த்தார். 'உள்ளே வாருங்கள்' என்றார்.

அடுப்பில் நொய்க்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மகனுக்கு வேலை போய் ஏழு மாதமாயிற்றாம். அந்த ஏழு மாதமும் இரவில் கஞ்சியும் துவையலுந்தான். 'திண்ணையில் என் முறை வரும்போது என்ன சொல்வது ஆலிமா? முதல் இரண்டு மாதம் பொய் சொன்னேன். மீன் என்றேன், முட்டை என்றேன். பாடம் படிக்க வந்த இடத்தில் பொய் சொல்கிறோமே என்று உறுத்தியது. அதனால் நின்றுவிட்டேன்.' அவர் அழவில்லை. கஞ்சியைக் கிளறியபடியே சொன்னார். என் வாயிலிருந்துதான் சொல் வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு ஏழு மாதமாக எனக்குத் தெரியவில்லை. அவரைப் பொய் சொல்ல வைத்த கேள்வியை வாரந்தோறும் நானும் சேர்ந்துதான் கேட்டிருக்கிறேன்.

அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு குவளை நொய்யை வெறுஞ்சட்டியில் மணம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். வறுத்த நொய் களியாக ஒட்டாது. எட்டுக் குவளை நீர், அரைத் தேக்கரண்டி வெந்தயம், பத்துப் பல் பூண்டு. தீ மெல்லியதாகவே இருக்கட்டும். பூண்டு விரலில் நசுங்கும் பதத்தில் உப்பிட்டு இறக்கி, இருந்தால் சிறிது தேங்காய்ப்பால் சேர்க்கலாம், இல்லாவிடினும் குறையில்லை. துவையலுக்குத் தேங்காய்க் கீற்றைத் தீயில் நேரே காட்டி ஓரங்கள் கருகும்வரை சுட வேண்டும். காய்ந்த மிளகாய் நான்கையும் அவ்வாறே அனலில் வாட்டிக்கொள்க. கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு. இவற்றை முதலில் அம்மியில் அரைத்து, சின்ன வெங்காயம் ஐந்தை இறுதியில் வைத்து ஒரே ஓட்டு. வெங்காயம் நசுங்க வேண்டும், அரையக்கூடாது. 'அரைத்தால் கசந்துவிடும்' என்றார் மாமி. ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டா.

அடுத்த வியாழன் அவரையும் அழைத்துக்கொண்டே வகுப்பிற்குச் சென்றேன். திண்ணையில் பேச்சுத் தொடங்கியதும் நானே முந்திக்கொண்டேன். 'நேற்றிரவு எங்கள் வீட்டில் நொய்க்கஞ்சியும் சுட்ட தேங்காய்த் துவையலும். மாமியிடம் கற்றது' என்றேன். அது உண்மையும் கூட. வெங்காயம் ஏன் கடைசியில் என்று ஒருவர் மாமியிடம் கேட்டார். மாமி விளக்கினார். மூலையில் அமர்ந்திருந்த இன்னொரு பெண், 'எங்கள் வீட்டிலும் நான்கு நாளாக ரசமும் சோறுந்தான் லாத்தா' என்றார். அதுவரை கறியும் கோழியும் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அன்றைக்குப் பேச்சு முடிய மஃரிப் நேரம் நெருங்கிவிட்டது.

இதனால் மாமியின் துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவருடைய மகனுக்கு மறுவேலை கிடைக்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. இடையில் எங்களால் இயன்றதைச் செய்தோம். அதை எழுதுவது முறையன்று. ஆனால் அந்த ஐந்து மாதமும் அவர் ஒரு வியாழன்கூட வகுப்பிற்கு வராமலிருந்ததில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் இல்லத்தில், தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று வினவியதையும், காடியைத் தவிர வேறொன்றுமில்லை என்று விடை வந்ததையும், அதனையே வரவழைத்து உண்டு, காடி எத்துணை நல்ல தொடுகறி என்று அவர்கள் புகழ்ந்ததையும் நம் வகுப்பில் பலமுறை படித்திருக்கிறோம். ஆணம் ஆக்கும்போது நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரையையும் நாம் அறிவோம். இரண்டாவதை நாம் ஓரளவு செய்துவிடுகிறோம். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது எளிது. முதலாவதுதான் கடினம். இல்லாதவர் வீட்டில் இருப்பதை, இரக்கத்தால் அன்றி, உண்மையான சுவையுணர்வோடு புகழ்வதற்கு நாம் அங்கே சென்று அமர வேண்டும்; கற்றுக்கொள்ளவும் வேண்டும். நான் கறியோடு சென்றபோது மாமியின் கதவு பாதிதான் திறந்தது. கேள்வியோடு சென்றபோது முழுதும் திறந்தது.

ஆகவே, அடுத்த இதழுக்கான என் வேண்டுகோள் இதுதான். மாதக் கடைசியில், கைப்பணம் குறைந்த ஓர் இரவில் நீங்கள் ஆக்கிய உணவை எழுதி அனுப்புங்கள். அளவுகளைத் தெளிவாகக் குறியுங்கள். எது எதன்பின் சேர வேண்டும் என்ற வரிசையை மறவாதீர்கள். அதை உங்களுக்குக் கற்றுத் தந்தவர் உம்மாவா, மாமியா, அண்டை வீட்டாரா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். உங்கள் பெயரை வெளியிட விரும்பாவிட்டால் வெளியிட மாட்டோம்.

அதற்குமுன் ஒன்று. இம்மாதம் உங்கள் திண்ணையில் யாருடைய இடம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். வெறுங்கையோடு சென்றாலும் குறையில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.